இடாப்பில் இல்லாத பெயர்

(சங்கத்தின் ஆண்டுவிழாக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



வாலிபரும் வாக்குரிமையும் என்பது பற்றிப் பேசுமாறு காரியதரிசியார் என்னைப் பணித்தார். சர்வகலாசாலையில் அரசியல் படிப்பவன் ஆதலால் இப்பொருளிலே நான் வல்லவனாயிருப்பேன் என்று அவர் எண்ணிவிட்டார் போலும். உண்மையை முதலிலேயே ஒப்புக்கொள்ளுகிறேன். 2024ஆம் ஆண்டு செப்டெம்பர் 21ஆம் திகதி நடந்த சனாதிபதித் தேர்தலில் நான் வாக்களிக்கவில்லை. வாக்களிக்க விருப்பமில்லாமலன்று, இடாப்பில் என் பெயர் இல்லாமையால்.

எனக்கு 2022ஆம் ஆண்டு இறுதியிலே பதினெட்டு வயது நிறைந்தது. அதன் பின்னர் இரண்டு முறை வாக்காளர் பதிவுப் படிவம் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது. அம்மா பழைய படிவத்தைப் பார்த்து அதே பெயர்களை அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டார். நான் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன், கேட்கவுமில்லை, பார்க்கவுமில்லை. வேடிக்கை என்னவென்றால், அந்தப் பரீட்சையில் நான் விடையெழுதிய வினாக்களுள் ஒன்று 1931இல் இலங்கைக்குக் கிடைத்த சர்வசன வாக்குரிமையைப் பற்றியது. தேர்தலுக்கு முதல்நாள் விடுதியிலிருந்த நண்பர்களெல்லாம் பஸ் ஏறி ஊருக்குப் புறப்பட்டார்கள். பெயர் பதிந்த இடத்திலேதான் வாக்களிக்கலாம். மாணவருக்குத் தபால்மூல வாக்கில்லை. நானும் கூடவே வந்தேன். மறுநாட் பகல், எண்பது வயதைத் தாண்டிய என் அம்மம்மா வாக்களித்துவிட்டு வந்து, இடக்கைச் சின்னவிரலில் மையைக் காட்டி, "தம்பி, உன்ர விரல் எங்கை?" என்று கேட்டார். அக்கேள்விக்கு இன்னும் என்னிடம் விடையில்லை. ஆகையால் இன்று உங்கள்முன் நிற்பவன் உபதேசியல்லன், தவறு செய்தவன் என்று கொள்ளுங்கள்.

இனி, பரீட்சையில் எழுதிய அந்த 1931ஆம் ஆண்டுக் கதைக்கு வருகிறேன். அது நம்மவர் கதை; அதிலும் வாலிபர் கதை.

அதற்குமுன் சொத்தும் கல்வியும் உடைய சிறு தொகையினரே வாக்களித்தனர். டொனமூர் ஆணைக்குழு இந்நாட்டுக்கு வந்து விசாரணை செய்து, ஆண்கள் இருபத்தொரு வயதிலும் பெண்கள் முப்பது வயதிலும் வாக்களிக்கலாம் என்று கூறிற்று; முடிவிலே இருபாலார்க்கும் இருபத்தொன்றே வயதாயிற்று. பெண்களுக்கு வாக்குரிமை வேண்டுமென்று வாதாடுவதற்கு 1927இலேயே பெண்கள் சங்கம் ஒன்று கொழும்பில் எழுந்திருந்தது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்கள் இந்தச் சர்வசன வாக்குரிமையை எதிர்த்தார். அவர் நாம் வணங்கத்தக்க பெரியார், நமக்குக் கல்லூரிகள் தந்தவர். ஆயினும் இவ்விஷயத்தில் அவர் கொண்ட கருத்து பிழையென்று சொல்வதற்கு இந்தச் சபை என்னை அனுமதிக்கும் என்று நம்புகிறேன். கூலிக்காரனும் கைநாட்டு வைப்பவளும் வாக்களித்தால் நாடு கெடும் என்று அக்காலத்திற் பலர் அஞ்சினர். படித்தவர்களாலே நாடு எவ்வளவு கெட்டதென்பதைப் பின்வந்த நாம் கண்டிருக்கிறோம்.

அக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் வாலிப காங்கிரஸ் என்ற ஒரு கழகம் இருந்தது. 1924இல் மாணவர் காங்கிரஸ் என்ற பெயருடன் தொடங்கியது அது. அதன் உயிர்நாடியாக நின்றவர் ஹன்டி பேரின்பநாயகம் அவர்கள். வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியில் ஆசிரியராயிருந்து, பிற்காலத்திலே கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராய் விளங்கியவர். மிஷன் பள்ளிக்கூடத்திற் படித்துவிட்டு இந்து வாலிபர் சங்கத்து மேடையில் நிற்கும் எனக்கு அவரை நினைக்கும்போது சற்றுத் தைரியம் உண்டாகிறது. 1927ஆம் ஆண்டு நவம்பரிலே மகாத்மா காந்தியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தவர்கள் அந்த வாலிபர்களே. சாதிப் பாகுபாட்டை எதிர்த்தார்கள். தாய்மொழிக் கல்வி வேண்டுமென்றார்கள். சிங்களவரும் தமிழரும் ஒருவர் மொழியை ஒருவர் படிக்கவேண்டுமென்றார்கள். ஒரு சிறு குடாநாட்டிலே சில ஆசிரியர்களும் மாணவர்களும் கூடி இவ்வளவும் பேசினார்கள் என்பது இன்று நினைத்தாலும் வியப்பே.

அத்தகையோர்தான் 1931இல் தேர்தலைப் பகிஷ்கரிக்கும்படி கேட்டார்கள். டொனமூர் திட்டம் பூரண சுயராச்சியம் தரவில்லை, தேசாதிபதியின் கையிலே அதிகாரங்கள் மிஞ்சி நிற்கின்றன என்பது அவர்கள் நியாயம். நியாயம் நல்லதே. மே மாதத்தில் நியமனப் பத்திரம் கொடுக்கும் நாள் வந்தது. யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் ஒருவரேனும் முன்வரவில்லை. பகிஷ்காரம் முழு வெற்றி! தென்னிலங்கையாரும் இவ்வழியைப் பின்பற்றுவர் என்று எதிர்பார்த்தார்கள். அவர்களோ தேர்தலில் நின்று சபைக்குப் போய்விட்டார்கள். 1934இல் இடைத்தேர்தல் நடக்கும்வரை அந்நான்கு ஆசனங்களும் வெறுமையாய்க் கிடந்தன. அந்த அரசாங்க சபையிலே ஏழு நிருவாகக் குழுக்கள் இருந்தன. சுகாதாரம், கல்வி, காணி, தெரு எல்லாம் அக்குழுக்களிலேதான் தீர்மானமாகும். சபை அங்கத்தவர் ஒவ்வொருவரும் ஏதேனுமொரு குழுவில் இருப்பார். மூன்று வருடகாலம் குடாநாட்டுக்காக அங்கே கதிரையில் இருந்து பேச ஆளில்லை.

நான் அவ்வாலிபர்களைப் பழிக்க வரவில்லை. அவர்கள் யாருக்கும் அஞ்சிச் செய்யவில்லை. யாரையும் அச்சுறுத்திச் செய்யவுமில்லை. ஆயினும், முதன்முதலாக வாக்குப் பெற்ற ஏழை எளியவரும் பெண்களும் அதைக் கையிலெடுத்துப் பார்க்குமுன்னமே, படித்தவர்கள் அவர்களுக்காக முடிவு செய்துவிட்டார்கள். இராமநாதன் வாக்கைக் கொடாதே என்றார். வாலிபர் வாக்கைப் போடாதே என்றனர். வட்டுக்கோட்டையிலோ வல்வெட்டித்துறையிலோ இருந்த ஒரு பெண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத்தானே முடிந்தது?

பிறகும் ஒருமுறை நம் மாவட்டம் வாக்களியாதிருந்தது. 2005ஆம் ஆண்டு நவம்பர் 17ஆம் திகதி நடந்த சனாதிபதித் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்து வாக்காளரில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட வாக்களிக்கவில்லை. நாடு முழுவதிலும் வென்றவருக்கும் தோற்றவருக்கும் இடையே இருந்த வித்தியாசம் இரண்டு இலட்சத்துக்கும் குறைவு. அன்று வீட்டுக்குள் இருந்தவர்கள் எந்த மனநிலையோடு இருந்தார்கள் என்பது இங்கேயுள்ள பெரியோர்களுக்குத் தெரியும். அப்பொழுது தொட்டிற் குழந்தையாய் இருந்த நான் அதுபற்றி அதிகம் பேசுவது அழகன்று.

வாக்குப் போடாமல் இருப்பது ஒன்று. வாக்கே பறிபோவது வேறொன்று. மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்த நம் சகோதரர்கள் 1947இல் வாக்களித்துத் தம் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். 1948இலும் 1949இலும் வந்த சட்டங்களாலே பெரும்பாலோரின் பிரசாவுரிமையும் போயிற்று, வாக்கும் போயிற்று. அதை முழுமையாகத் திரும்பப் பெற 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை தலைமுறை தலைமுறையாகக் காத்திருக்க வேண்டியதாயிற்று. ஓர் இடாப்பில் பெயர் இருப்பதென்றால் என்ன என்பதை அவர்களிடம் கேட்டறிய வேண்டும். நான் ஒரு படிவத்தைத் திருப்பிப் பார்க்கச் சோம்பிக் கிடந்தேன்.

"ஒருவன் பெயர் விடுபட்டால் என்ன?" என்று கேட்கலாம். 2010இல் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்குப் பாராளுமன்றத்தில் ஒன்பது ஆசனங்கள் இருந்தன. 2015இல் அது ஏழாயிற்று. 2024இல் ஆறாயிற்று. ஆசனங்களைப் பங்கிடும்போது இடாப்பிலுள்ள பெயர்களைத்தான் எண்ணுகிறார்கள். வெளிநாடு போனவர்களையும் இறந்தவர்களையும் இடாப்பிலிருந்து நீக்குவது முறையே; அதற்காக யாரையும் நோகமுடியாது. கனடாவிலிருக்கும் மாமாவின் பெயரை வைத்து ஆசனம் கேட்கவும் முடியாது. ஆனால் இங்கேயே இருந்து, இங்கேயே உண்டு உறங்கி, பதினெட்டு வயதும் நிறைந்த பின்பும் பெயர் பதியாதிருக்கும் என் போன்றவர்கள் ஊருக்கு எத்தனை பேர்? பதினெட்டு வயதினர்க்கு இவ்வுரிமை 1959இலேயே கிடைத்துவிட்டது. 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தின்பின், வருடத்தின் நடுவிலே பதினெட்டு வயதை அடைவோரையும் குறைநிரப்பு இடாப்பிலே சேர்க்க வழியிருக்கிறது. நீக்கப்படவிருப்போர் பட்டியலும் சேர்க்கப்படவிருப்போர் பட்டியலும் கிராம அலுவலரிடத்திலும் பிரதேச செயலகத்திலும் பார்வைக்கு வைக்கப்படுகின்றன. போய்ப் பார்ப்பவர் யார்?

இனிப் பெரியோர்கள் மனத்திலிருக்கும் தடையைச் சொல்கிறேன். நான் இப்பேச்சை எழுதிக்கொண்டிருந்தபோது எங்கள் பெரியப்பா, "சங்கத்துக்குள்ளை அரசியலைக் கொண்டு வராதை மோனை, வந்தால் சங்கம் இரண்டாகும்" என்றார். அவர் சொல்வதில் உண்மையுண்டு. கட்சி புகுந்த வாசிகசாலையில் பத்திரிகைகூட இரண்டு மேசையிற் கிடக்கும். எனவே என் விண்ணப்பம் இதுதான்: எந்தக் கட்சிக்காரரும் அபேட்சகரும் தேர்தற் காலத்தில் நம் மேடையில் ஏறவேண்டாம். நம் நிருவாகசபையில் இருப்பவர் தேர்தலில் நிற்க விரும்பினால் பதவியை விட்டுப் போய் நிற்கட்டும். நாம் வாழ்த்தி அனுப்புவோம். யாருக்கு வாக்களிப்பது என்று சங்கம் வாய் திறக்கலாகாது. ஆனால் வாக்காளராகுங்கள் என்று சொல்வது கட்சி அரசியலாகாது. சிரமதானத்துக்கு வாருங்கள் என்று சொல்வதைப் போன்றதே அதுவும்.

வாக்களித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவதோடு வேலை தீரவுமில்லை. உள்ளூராட்சித் தேர்தல் 2023ஆம் ஆண்டு மார்ச் 9ஆம் திகதி நடைபெறவிருந்தது, பணமில்லையென்று தள்ளிவைக்கப்பட்டது. இரண்டு வருடத்துக்குமேல் நம் பிரதேச சபைகள் மக்கள் தெரிந்த அங்கத்தவர் இன்றி உத்தியோகத்தர் கையில் இருந்தன. அத்தேர்தலை நடத்தாமை மக்களின் அடிப்படை உரிமையை மீறியதாகுமென்று உயர் நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. 2025ஆம் ஆண்டு மே 6ஆம் திகதி தேர்தல் நடந்தது. அந்த இரண்டு வருடத்திலும் நம் ஊரில் யாராவது முணுமுணுத்தோமா? ஒழுங்கை விளக்கு எரியவில்லை என்று முணுமுணுத்தோம். அதற்கும் இதற்கும் தொடர்புண்டென்று நமக்குத் தோன்றவில்லை. சந்தை, வடிகால், நூல்நிலையம், சுடலை, ஒழுங்கை, விளக்கு — பிறந்தது முதல் சுடலை போகும்வரை நமக்கு அதிகம் தேவைப்படுவது பிரதேச சபை. நாம் அதிகம் கவனியாததும் அதுவே.

சபையின் கதவு பூட்டியுமில்லை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின்படி, சபை அமைக்கும் குழுக்களில் அங்கத்தவரல்லாத ஊரவரையும் சேர்க்கலாம். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, ஒரு தெருவுக்கு ஒதுக்கிய பணம் எவ்வளவு, செலவழித்தது எவ்வளவு என்று எந்தப் பிரசையும் எழுத்திற் கேட்கலாம், தமிழிலேயே கேட்கலாம். ஏன் கேட்கிறாய் என்று காரணம் கேட்க அவர்களுக்கு உரிமையில்லை. நம் சங்க மண்டபத்துக்கு முன்னாலுள்ள வடிகாலை மாரிதோறும் நாமே மண்வெட்டி கொண்டு வெட்டுகிறோம். அது நல்ல காரியம், விடக்கூடாது. ஆனால் ஒருமுறையாவது ஒரு தாளையும் எடுத்து எழுதிப் பார்ப்போமே.

அடுத்த நிருவாகசபைக் கூட்டத்திற்கு நான் கொடுத்திருக்கும் பிரேரணை சிறியது. பதிவுப் படிவம் வருங்காலத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் மண்டபத்து விறாந்தையில் ஒரு மேசை போடுவோம். வாலிபர் இருவரும் யுவதிகள் இருவரும் அதிலிருந்து, வருபவர்களுக்குப் படிவம் நிரப்ப உதவுவோம். நடக்கமாட்டாத முதியவர் வீடுகளுக்கும், ஊரின் தெற்குப் புறத்தில் புதிதாகக் குடிவந்தவர்கள் வீடுகளுக்கும், இதுவரை நம் சங்கத்திலிருந்து யாரும் படியேறிப் போகாத சில வீடுகளுக்கும் நாமே போவோம். கடைசியாகச் சொன்னதைப் பெரியோர்கள் கவனித்திருப்பீர்கள். அந்த வீடுகள் எவையென்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அங்கே போகும்போது நீர் தந்தால் குடிப்பவர்களே என்னுடன் வரவேண்டும்.

மேசை தருவதாகத் தலைவர் ஐயா சொல்லிவிட்டார். கதிரை நான்கு வேண்டும். பேனாக்கள் நான் கொண்டு வருகிறேன். முதலாவது படிவத்தில் என் பெயர் இருக்கிறதா என்று பார்க்க அம்மம்மா வருவதாகச் சொல்லியிருக்கிறார்.