உள்நாட்டு விவகாரம்: அன்று கோவா, இன்று சேரி

(ஓசூரில் தொழிலாளர்களும் மாணவர்களும் கலந்துகொண்ட படிப்பு வட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தோழர்களே,

நம்ம ஓசூர்லேர்ந்து ஜூஜுவாடியைத் தாண்டினா கர்நாடகம். பெயர்ப்பலகையில எழுத்து மாறுது. ஊர் தனி, சேரி தனிங்கறது மாறல. ஒரு எல்லைக்குள்ள நடக்கிற கொடுமையை வெளியில இருக்கிறவன் கேட்கலாமா? 'இது எங்க உள்நாட்டு விவகாரம்'னு சொல்லிட்டா எல்லாரும் வாயை மூடிக்கணுமா? இந்தக் கேள்விக்கு இந்திய அரசே ஒருமுறை பதில் சொல்லியிருக்கு. அதுதான் கோவா பிரச்சினை.

கோவாவை 1510 முதல் ஆண்டது போர்ச்சுகல். 1951இல் அது தன் அரசமைப்புச் சட்டத்தைத் திருத்தி, 'காலனி' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'கடல்கடந்த மாகாணம்' என்று எழுதிக்கொண்டது. ஆட்சி மாறல, பேரு மட்டும் மாறிச்சு. 1955இல் அய்.நா.வில் சேர்ந்தது. அய்.நா. சாசனத்தின் 73ஆவது பிரிவின்படி, தன்னாட்சி பெறாத பகுதிகளை ஆளும் நாடு அந்த மக்களின் பொருளாதார, சமூக, கல்வி நிலை குறித்துத் தகவல் தரவேண்டும். கேட்டபோது, தன்னிடம் அப்படிப்பட்ட பகுதியே இல்லை என்றது போர்ச்சுகல். மாகாணம்னு பேர் வச்சாச்சு, இனி அறிக்கை எதுக்கு?

இந்தியாவும் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளும் விடவில்லை. 1960 டிசம்பர் 15 அன்று பொதுச்சபை இரண்டு தீர்மானங்களை நிறைவேற்றியது. ஒரு பகுதி கீழ்நிலையில் வைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொன்னது 1541ஆவது தீர்மானம். கோவாவையும் பட்டியலில் சேர்த்து, தகவல் தரும் கடமை போர்ச்சுகலுக்கு உண்டு என்றது 1542. ஓராண்டு கழித்து, 1961 டிசம்பர் 18 அன்று இந்தியப் படை கோவாவுக்குள் நுழைந்தது. படையைத் திரும்பப் பெறச் சொன்ன தீர்மானத்துக்குப் பாதுகாப்புச் சபையில் ஆதரவு 7, எதிர்ப்பு 4. சோவியத் வீட்டோ அதை வீழ்த்தியது.

சரி, இப்ப நம்ம பக்கம் வருவோம். 2000 மார்ச்சில், பக்கத்துக் கோலார் மாவட்டத்தில் அப்போதிருந்த கம்பாலப்பள்ளியில் ஏழு தலித்துகள் உயிரோடு எரித்துக் கொல்லப்பட்டனர். குற்றம்சாட்டப்பட்டவர்கள் 2006இல் விடுதலை. 2014இல் உயர்நீதிமன்றத்திலும் அதே தீர்ப்பு. எரித்ததற்கு அடுத்த ஆண்டுதான் டர்பனில் இனவெறிக்கு எதிரான அய்.நா. மாநாடு. அங்கே சாதியைப் பேசக்கூடாது என்று நின்றது இந்திய அரசு. சாதி இனம் அல்லவாம். அது உள்நாட்டு விவகாரமாம்! போர்ச்சுகல் சொன்னதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

இனப்பாகுபாட்டை ஒழிக்கும் 1965ஆம் ஆண்டு உடன்படிக்கையில் 'வம்சாவளி' என்ற சொல்லைச் சேர்க்கச் சொன்னதே இந்தியாதான். அந்தச் சொல்லுக்குள் சாதியும் அடங்கும் என்று உடன்படிக்கைக் குழு 1996இலேயே இந்தியாவிடம் சொல்லிவிட்டது.

கோவாவும் சேரியும் ஒண்ணுன்னு நான் சொல்லல. நாம தனி நாடு கேட்கல. கீழ்நிலையில் வைக்கப்பட்ட மக்களைப் பற்றி உலகத்துக்குக் கணக்குச் சொல்லுங்கறோம், அவ்வளவுதான்.

போர்ச்சுகல் பேரை மாற்றிய அதே 1951இல் அமைச்சர் பதவியிலிருந்து விலகிய பாபாசாகேப் அம்பேத்கர் தன் அறிக்கையில் ஒன்றைச் சொன்னார்: தீண்டத்தகாதோர் நிலை குறித்து அய்.நா.வுக்கு அறிக்கை தயாரித்திருந்தேன். அரசமைப்புச் சபைக்கும் வரப்போகும் நாடாளுமன்றத்துக்கும் வாய்ப்புத் தரலாம் என்று அனுப்பாமல் இருந்தேன் என்று. வாய்ப்புக் கொடுத்து எழுபது வருசம் தாண்டிடுச்சு.

கோவா பட்டியலில் ஏறியது வெறும் முழக்கத்தால் இல்லை, சொல்லையும் சட்டப் பிரிவையும் விடாமல் பிடித்ததால். மாணவர்களே, ஊர், தேதி, வழக்கு எண், தீர்ப்பு எல்லாத்தையும் எழுதி வையுங்க. பாபாசாகேப் அனுப்பாமல் வைத்த அறிக்கையை நாமதான் எழுதி முடிக்கணும்.

ஜெய் பீம்!