ஊரின் ஒலியும் உள்ளத்தின் பற்றும்



அரியக்குடி என்னும் பெயரைச் செவியுற்ற மாத்திரத்தில் தென்னாட்டு ரசிகர்களின் நினைவுக்கு வருவது, 1890ஆம் ஆண்டு இவ்வூரில் பிறந்து, கச்சேரி பத்ததிக்கு இன்று நாம் காணும் உருவத்தை அளித்த சங்கீத கலாநிதி இராமாநுஜ ஐயங்காரின் சாரீரமே ஆகையால், ஒலிக்கும் இடத்துக்கும் உள்ள பந்தத்தை ஆராய இதனினும் பொருத்தமான ஸ்தலம் இல்லை என்று கருதி, இக்கருத்தரங்கின் தலைமைப் பொறுப்பை மனமுவந்து ஏற்றுக்கொண்டேன். ஆயினும் இன்று நான் பேச விழைவது, மனிதர் பாடத் தொடங்குமுன்பே ஒவ்வொரு பிரதேசத்திலும் ஒலித்துக்கொண்டிருந்த இயற்கையின் சப்தங்களைப் பற்றி.

தொல்காப்பியர் அகத்திணையியலில் நிலத்துக்குரிய கருப்பொருள்களை எண்ணுமிடத்துத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, செய்தி, யாழ் என எட்டினைக் கூறுகின்றார். அவற்றுள் புள்ளும் பறையும் யாழும் செவிக்கு உரியன அன்றோ? குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை என்றும் முல்லைக்கு ஏறுகோட்பறை என்றும் உரையாசிரியர்கள் வகுத்துச் செல்வதையும் சேர்த்து நோக்கினால், ஒலியைச் சொல்லாமல் ஒரு நிலத்தைச் சொல்லி முடித்ததாகாது என்பதே நம் முன்னோரின் தீர்மானம் என்று விளங்கும். இத்தெளிவு நம்மிடம் முன்பே இருக்க, கனடா தேசத்து இசையறிஞர் மர்ரே ஷேஃபர், இடங்களின் ஒலிச்சூழலை ஆராயும் தம் பெருநூலை வெளியிட்டது 1977இல்தான்.

ஒலி ஊர்ப்பாசத்தை வளர்ப்பது எங்ஙனம்? ஐப்பசி மழை விடாது பெய்த இரவில் ஊருணிக் கரையில் எழும் தவளைகளின் பேரிரைச்சல், வழிப்போக்கனுக்குத் தூக்கத்தைக் கெடுக்கும் தொந்தரவு. செம்மண் வெடித்துக் கிடந்த கோடை முழுதும் தண்ணீருக்காக வானத்தைப் பார்த்திருந்த ஊராருக்கோ, அதுவே ஊருணி நிறைந்தது என்னும் சுபசெய்தி. வருஷந்தோறும் ஒரு பருவத்தின் கவலையும் ஆறுதலும் அவ்வொலியோடு இழைந்துவிடுவதால், பிற்காலத்தில் அதை எங்கே கேட்பினும் ஊரே எழுந்து வந்து முன்னிற்கிறது. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் வணிகம் செய்யச் சென்ற செட்டிநாட்டு நகரத்தார் அங்கும் பெருமழையைக் கேட்டிருப்பர். ஆனால் அவர்கள் வீட்டு வளவின் நாற்புறத்து ஓட்டுக்கூரையிலிருந்தும் வழிந்து முற்றத்தில் விழும் மழைக்குத் தனிக்குரல் ஒன்று உண்டு, அது இந்த வீடுகளுக்கே உரியது.

இத்தகைய பற்றுக்கு நான் அறிந்த மேலான சான்று, இதே சிவகங்கை மாவட்டத்தில் திருப்பத்தூரை அடுத்த கொள்ளுக்குடிப்பட்டியில் இருக்கிறது. வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயமாக 1977இல் அறிவிக்கப்பட்ட கண்மாய்ப் பகுதியில் கூடுகட்டிக் குஞ்சு பொரிக்க வரும் நத்தைக்குத்தி நாரைகளும் இராக்கொக்குகளும் வெருண்டு பறந்துவிடக் கூடாதே என்று, அவ்வூர் ஜனங்கள் தீபாவளித் திருநாளிலும் வெடி வெடிப்பதில்லை. ஊர்தோறும் வாணவெடி முழங்கும் நாளில் தம் குழந்தைகளின் ஆசையை அடக்கிக்கொள்வது லேசான தியாகமா? அகநானூற்றின் நான்காம் பாட்டில், குறுங்குடி மருதனார் காட்டும் தலைவன், தேன் உண்ணும் வண்டுகள் கலங்கலாகாதென்று தன் தேர்மணிகளின் நாவைக் கட்டிக்கொண்டு கார்காலத்துக் காட்டு வழியே திரும்புகிறான். அந்தத் தலைவனைக் கவிஞனின் கற்பனை என்று எண்ணியிருப்போர் கொள்ளுக்குடிப்பட்டிக்கு ஒருமுறை சென்று வரட்டும். தன் சப்தத்தை அடக்கி நிலத்தின் சப்தத்துக்கு இடம் கொடுப்பவனே அந்த நிலத்தை நேசிப்பவன் என்பது என் துணிபு.

கல்லூரிகளிலிருந்து வந்திருக்கும் மாணவ நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். செட்டிநாட்டு மாளிகைகளுக்குப் படங்களும் வரைபடங்களும் ஏராளமாக உள. ஒலிகளுக்கும் அவ்வாறே பதிவு வேண்டும். வருகிற ஐப்பசியில் அவரவர் ஊருணிக் கரையிலும் பனங்காட்டிலும் ஒலிப்பதிவுக் கருவியோடு அமர்ந்து, நாளும் பொழுதும், பறவைக்கு அவ்வூரார் வழங்கும் பெயரும் தவறாமல் குறித்துக்கொள்ளுங்கள். முன்பு கேட்டு இப்போது கேளாது போன ஒலிகள் எவை என்று முதியோரிடம் விசாரித்து எழுதுங்கள். அக்குறிப்புகளை அடுத்த கருத்தரங்கில் இந்த அவையின் முன் சமர்ப்பிக்குமாறு உங்களை வேண்டிக்கொள்கிறேன்.