ஆசிட் வாளியும் அரைமணி நேரமும்

(பெரம்பலூரில் மகளிர் குழுத் தோழர்களும் தூய்மைப் பணியாளர்களும் கலந்துகொண்ட பயிற்சிக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

வீட்டிலேயே நஞ்சில்லாத சுத்தப்படுத்தும் பொருள்களைச் செய்வது எப்படி என்று பேச அழைத்திருக்கிறீர்கள். மேசைமேல் பூந்திக்கொட்டை இருக்கிறது, எலுமிச்சை உப்பு இருக்கிறது. கடைசியில் செய்தே காட்டுகிறேன். என் முனைவர் பட்ட ஆய்வு நிலத்தடி நீர் பற்றியது. அதனால் தண்ணீரிலிருந்துதான் எனக்குத் தொடங்கத் தெரியும்.

நாம் உட்கார்ந்திருக்கும் இந்தப் பக்கத்தின் ஒரு பகுதி ஒரு காலத்தில் கடலாக இருந்தது. சாத்தனூர்க் கல்மரத்தைப் பார்க்கப் பள்ளியில் கூட்டிப் போயிருப்பார்கள். சுமார் 12 கோடி ஆண்டுப் பழையது அது. அந்தக் கடலின் சிப்பியும் சேறும் படிந்து இறுகியதுதான் அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல். சிமெண்ட் ஆலைகள் இங்கே வரிசையாக நிற்பதற்குக் காரணமும் அதுதான். அந்தச் சுண்ணாம்பு போர் தண்ணீரிலும் கரைந்து வருகிறது. சோப்பு நுரைக்காது. குடத்தின் அடியில் வெள்ளையாகப் படியும். கழிப்பறை டைல்ஸில் தண்ணீர் காயக் காய, நாம் உப்புக்கறை என்று சொல்கிறோமே, அது ஏறிக்கொண்டே போகும். துடைப்பத்தால் தேய்த்தால் போகாது. ஆகவே ஆசிட்.

"ஆசிட், பினாயில்" என்று ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு தெருவில் வண்டி வருகிறது. ஆசிட்டைச் சில்லறையில் விற்பதற்குக் கட்டுப்பாடு வேண்டும் என்று 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பெண்கள் முகத்தில் ஆசிட் வீசப்பட்ட வழக்கில் வந்த உத்தரவு அது. வண்டி இன்னும் வருகிறது. அதில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். சுண்ணாம்புக் கறையில் பட்டதும் புகைந்து பொங்கிக் கரைத்துவிடும். அதன் ஆவியை யார் முகர்கிறார் என்பதுதான் கேள்வி.

என் அம்மா ஒரு தனியார் பள்ளியில் கழிப்பறை சுத்தம் செய்கிறார். இந்த வேலைக்கு யாரும் விளம்பரம் கொடுப்பதில்லை. ஆள் தேவைப்பட்டால் நேராக எங்கள் தெருவுக்கு வண்டியை விடுவார்கள். சாதி கேட்க வேண்டிய அவசியமே இல்லை, தெருப் பெயர் போதும். அம்மாவுக்குக் கையுறை கொடுத்ததில்லை. விரல் இடுக்குகளில் தோல் வெந்து உரியும். தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வார். ஒருநாள் வாடை அடிக்கிறது என்று சொன்னதால், ஆசிட் ஊற்றிய இடத்திலேயே பிளீச்சிங் பவுடரையும் போட்டிருக்கிறார். கதவு சாத்திய சின்ன அறை. இருமி இருமி வெளியே வந்து விழுந்தவரை வாட்ச்மேன் அண்ணன்தான் தூக்கியிருக்கிறார். அன்று அந்த அறையில் கிளம்பியது குளோரின். 1915இல், முதல் உலகப் போரில், ஈப்ரெ என்ற ஊரில் எதிரிப் படையைக் கொல்லத் திறந்துவிட்டார்களே, அதே வாயு.

நான் அப்போது வேதியியல் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். இரண்டையும் கலந்தால் என்ன ஆகும் என்று தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியிருந்தேன். வீட்டில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

இப்போது இயற்கைக்கு வருவோம். இந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குச் சின்னப் பயம் வரும். 1927 மார்ச் 20ஆம் நாள் மகாடில் அண்ணல் அம்பேத்கர் தலைமையில் நம் மக்கள் சவதார் குளத்தில் தண்ணீர் குடித்தார்கள். அதன் பிறகு சாதி இந்துக்கள் அந்தக் குளத்தை "சுத்தம்" செய்தார்கள். 108 மண்குடங்களில் தண்ணீரை வெளியே எடுத்தார்கள். சாணம், கோமியம், பால், தயிர் கலந்து, மந்திரம் சொல்லிக் குளத்தில் விட்டார்கள். முழுக்க முழுக்க இயற்கைப் பொருள்கள், ஒரு துளி ரசாயனம் இல்லை! 2021 ஜனவரியில் மத்தியப் பிரதேச அரசு, அலுவலகங்களைக் கோமியப் பினாயில் போட்டுத் துடைக்கச் சொல்லி உத்தரவு போட்டதும் இந்த வரிசையில் வருவதுதான். தீட்டு வேறு, கிருமி வேறு. எனக்குத் தெரிய வேண்டியதெல்லாம் கறை எதனால் ஆனது, எது அதைக் கரைக்கும், கரைப்பவரின் கைக்கும் நுரையீரலுக்கும் என்ன ஆகும் என்பவைதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். "பாட்டி வைத்தியம்" மாதிரி "பாட்டி காலத்துச் சுத்தம்" என்று இப்போது அழகான புட்டியில் விற்கிறார்கள். யாருடைய பாட்டி? உவர்மண்ணை எங்கே அள்ளுவது, எவ்வளவு போடுவது, வெள்ளாவியில் எவ்வளவு நேரம் வைப்பது என்று அறிந்திருந்தவர்கள் வண்ணார்கள். நம் சேரித் துணியை வெளுத்த புதிரை வண்ணாரைப் பார்த்தாலே தீட்டு என்று வைத்திருந்த ஊர் இது. அந்த மண்ணில் இருந்தது சோடாக் காரம். அதை வேதியியல் என்று யாரும் மதிக்கவில்லை, அவர்களுக்குக் கூலியாகச் சோறுதான் போட்டார்கள்.

சரி, செய்முறை. பூந்திக்கொட்டையில் கொட்டையை நீக்கிவிட்டு, தோடு மட்டும் 100 கிராம் எடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவையுங்கள். காலையில் இருபது நிமிடம் கொதிக்கவைத்து, ஆறியதும் பிசைந்து வடிகட்டுங்கள். பாத்திரம் விளக்கலாம், தரை துடைக்கலாம். நம்மூர் உப்புத்தண்ணீரில் சோப்பு திரிந்துபோகும் இடத்தில் இது நுரைக்கும். இதிலுள்ள சப்போனினைச் சுண்ணாம்பு கெடுப்பதில்லை. கண்ணில் பட்டால் நன்றாக எரியும். வெளியில் வைத்தால் மூன்று நாளில் புளித்துவிடும். ஆகவே கொஞ்சமாகச் செய்யுங்கள். அடிப்பிடித்த எண்ணெய்ப் பிசுக்குக்கு இது போதாது. அங்கே விறகுச் சாம்பலும் தேங்காய் நாரும்தான்.

பழத்தோல் நொதி நீரைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். வெல்லம் ஒரு பங்கு, தோல் மூன்று பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு. மூன்று மாதம் ஆகும். கண்ணாடிப் புட்டியில் மட்டும் வைக்காதீர்கள், வாயு சேர்ந்து வெடிக்கும். முதல் மாதம் தினமும் மூடியைத் திறந்து விடவேண்டும். தரை துடைக்க நல்லது. ஆனால் கிருமிநாசினி என்று நம்பி மருத்துவமனை வார்டைத் துடைக்கக் கூடாது. யூடியூபில் சோடா மாவும் வினிகரும் கலந்து பொங்கவிடுகிறார்களே, பொங்கி முடிந்ததும் மிச்சம் இருப்பது கிட்டத்தட்ட உப்புத்தண்ணீர்தான். இரண்டையும் தனித்தனியாகப் பயன்படுத்தினால் பலன் உண்டு.

உப்புக்கறைக்கு எலுமிச்சை உப்பு. மளிகைக் கடையில் லெமன் சால்ட் என்று கேட்டால் தருவார்கள். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஐம்பது கிராம். கறைமேல் ஊற்றி அரைமணி நேரம் ஊறவிட்டுத் தேய்த்தால் வந்துவிடும். கடப்பாக்கல், மார்பிள், மொசைக், சிமெண்ட் தரையில் ஊற்றாதீர்கள். அவற்றிலும் சுண்ணாம்பு இருக்கிறது, அரித்துவிடும். மறக்கவே கூடாதது ஒன்று: இதோடும் பிளீச்சிங் பவுடரைச் சேர்க்கக் கூடாது. எலுமிச்சையும் அமிலம்தான், இதிலும் குளோரின் கிளம்பும்.

இதை நான் பெருமையாக அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"அரைமணி நேரம் ஊறணுமா? பன்னெண்டு கக்கூசு பாப்பா. ஏழு மணிக்குப் போனா எட்டரைக்குள்ள முடிக்கணும். ஆசிட்டுன்னா ஊத்துன ஒடனே வெளுத்துரும். ஒன் உப்பு ஊறுற வரைக்கும் மேனேஜர் கையக் கட்டிக்கிட்டு நிப்பாரா?"

என்னிடம் பதில் இல்லை. ஆசிட் மலிவு என்பதால் வாங்குகிறார்கள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பன்னிரண்டு கழிப்பறைக்கு ஒரே ஆளை வைத்துவிட்டு, இன்னொரு ஆளின் வேலையை அந்த வாளியிடம் வாங்குகிறார்கள். இயற்கை முறைகளுக்கெல்லாம் ஊறவும் புளிக்கவும் நேரம் வேண்டும். வீட்டில் அந்த நேரம் நம்முடையது, அதிலும் பெரும்பாலும் பெண்களுடையது. கூலி வேலையில் அந்த நேரம் நம் கையில் இல்லை. 2013ஆம் ஆண்டுச் சட்டம் மலக்குழிக்குள் பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதைத் தடை செய்கிறது. தண்ணீர் ஊற்றும் பள்ளிக் கழிப்பறையில் ஆசிட்டோடு நிற்பவரை அது கண்டுகொள்வதில்லை.

ஒரு வாரம் கழித்து அம்மாவே வழி கண்டுபிடித்தார். சாயங்காலம் பிள்ளைகள் போன பிறகு ஊற்றி வைத்துவிட்டு வந்துவிடுவது. ராத்திரி முழுக்க ஊறும், காலையில் ஒரு தேய்ப்பில் போய்விடும். ஆசிட் வாளி இப்போது அந்தப் பக்கம் வருவதில்லை. இருமல் முழுக்கப் போகவில்லை, விரல்கள் ஆறிவிட்டன. என் படிப்பில் இல்லாத கணக்கு அது.

ஆனால் அப்படி ஊற்றிவிட்டு வரத் தினமும் அரைமணி நேரம் கூடுதலாக ஆகிறது. அதற்குக் கூலி இல்லை. "நீங்களாத்தானே செய்றீங்க, நாங்க சொன்னோமா?" என்கிறது நிர்வாகம். அரைமணி நேரக் கூலியும், இரண்டு சோடிக் கையுறையும், இன்னொரு ஆளும் கேட்டு ஒரு மனு எழுதியிருக்கிறேன். இதோ, இந்தப் பைக்குள் இருக்கிறது. அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டார். அங்கே பெருக்கும் இரண்டு அக்காமார்கள் வேலை போய்விடுமோ என்று யோசிக்கிறார்கள். நாளை மாலை அவர்கள் வீட்டுக்குப் போகிறேன். உங்களில் இரண்டு பேர் கூட வந்தால் நன்றாக இருக்கும்.

சரி, அடுப்பைப் பற்றவைக்கலாமா? பூந்திக்கொட்டை நேற்று இரவே ஊறப்போட்டது.