நாலாவது பெரிய பொருளாதாரமும் நாலு வரி படிக்கத் தெரியாத பிள்ளையும்

(ஐ.டி. விங் பயிற்சி வகுப்பில் நம் தோழர் பேசியதன் எழுத்து வடிவம். கொஞ்சம் நீளம்தான். முழுசா படிச்சிட்டுப் பகிருங்க.)



"கல்வியில நாடு பின்தங்குதா, உலகப் போட்டியில நம்ம இடம் என்ன?" இதுதான் எனக்குக் குடுத்த தலைப்பு. கமெண்ட்ல இந்தப் பேச்சு எடுத்தாலே எதிர்ல இருக்கிறவர் முதல்ல இறக்குற சீட்டு உங்களுக்கே தெரியும். "இந்தியா உலகத்துலயே நாலாவது பெரிய பொருளாதாரம். அப்புறம் எங்கய்யா பின்தங்குறது?" நம்ம ஆளுங்க உடனே பெட்ரோல் விலை, ரூபாய் மதிப்புன்னு ஓடிடுறாங்க. அங்க போகாதீங்க. வியட்நாமுக்குப் போங்க.

1990-ல வியட்நாம்காரரோட சராசரி வருமானம் நம்மளவிடக் கம்மி. அமெரிக்காவோட போர், குண்டு விழுந்த நிலம், அதுக்கப்புறம் பஞ்சம்னு எல்லாத்தையும் பார்த்த நாடு. இன்னிக்கு அவங்க தனிநபர் வருமானம் ஆண்டுக்கு 4,000 டாலருக்கு மேல. நாம இன்னும் 3,000-த்தைத் தொடல. 2024-ல அவங்க ஏற்றுமதி செஞ்ச சரக்கோட மதிப்பு சுமார் 405 பில்லியன் டாலர். இந்தியாவோட சரக்கு ஏற்றுமதி 2023-24 நிதியாண்டுல சுமார் 437 பில்லியன். கிட்டத்தட்ட சமம்னு தோணுதா? அவங்க மக்கள்தொகை 10 கோடி, நம்மளோடது 140 கோடிக்கு மேல. இந்த ஒரு ஒப்பீட்டை மனப்பாடம் பண்ணிக்கங்க.

"மென்பொருள் சேவை அதுல சேராதே"ன்னு கேப்பாங்க. ஆமா, சேராது, ஒத்துக்கங்க. ஆனா மென்பொருள் வேலைக்குப் போனவங்க நம்ம ஊர்ல எத்தனை பேர்? தொழிற்சாலை வேலைக்குப் போக வேண்டியவங்க எத்தனை பேர்?

வியட்நாம் எப்படி ஏறுச்சு? துறைமுகம், வரிச்சலுகை, சீனாவுக்குப் பக்கத்துல இருக்கிறது, எல்லாமே காரணம்தான். பள்ளிக்கூடம் மட்டுமே காரணம்னு நான் சொல்ல வரல. ஆனா பள்ளிக்கூடத்தை விட்டுட்டு அந்தக் கதையைச் சொல்லவே முடியாது.

பீசான்னு ஒரு தேர்வு இருக்கு. 15 வயசுப் பிள்ளைங்களுக்கு வாசிப்பு, கணக்கு, அறிவியல்ல வெக்கிற உலகத் தேர்வு. வியட்நாம் முதல் தடவையா 2012-ல கலந்துக்கிட்டு, கணக்குலயும் அறிவியல்லயும் அமெரிக்காவையும் பிரிட்டனையும் முந்துச்சு. இந்தியா கலந்துக்கிட்டது ஒரே ஒரு சுற்று. இமாச்சலப் பிரதேசம், தமிழ்நாடுன்னு ரெண்டு மாநிலத்தை அனுப்பினாங்க. 2011 டிசம்பர்ல முடிவு வந்துச்சு. மொத்தம் 74 இடம். கிர்கிஸ்தானோட சேர்ந்து நம்ம ரெண்டு மாநிலமும் பட்டியலோட அடியில.

ஆமா தோழர்களே, தமிழ்நாடும்தான். இதை மறைச்சிட்டு விவாதத்துக்குப் போனா அடுத்த நிமிஷமே எதிராளி ஸ்கிரீன்ஷாட்டோட வருவார்.

முடிவு வந்ததும் டெல்லி என்ன செஞ்சுது? கேள்விகள் நம்ம சூழலுக்குப் பொருந்தலன்னு சொல்லிட்டு அடுத்தடுத்த சுற்றுகளுக்குப் போகல. அப்ப ஆண்டவங்களும் போகல, பின்னாடி வந்தவங்களும் இன்னிவரைக்கும் போகல. 2021 சுற்றுக்குப் போறோம்னு அறிவிச்சாங்க. கொரோனாவால அது 2022-க்குத் தள்ளிப் போச்சு. அதுலயும் கலந்துக்கல. காய்ச்சல் அதிகமா காட்டுதுன்னு தெர்மாமீட்டரைத் தூக்கிப் போட்ட கதைதான்.

இங்க ஒரு எதிர்வாதம் வரும், தயாரா இருங்க. வியட்நாம்ல அப்ப 15 வயசுப் பிள்ளைங்கள்ல பாதிக்குக் கொஞ்சம் மேலதான் அந்தத் தேர்வுக்குள்ள வந்தாங்க, மத்தவங்க பள்ளியை விட்டே போயிட்டாங்க, அதனால மதிப்பெண் ஏறித் தெரியுதுன்னு சொல்வாங்க. அது நியாயமான கேள்வி. பதிலுக்கு யங் லைவ்ஸ்ங்கிற ஆய்வைச் சொல்லுங்க. ஆந்திரா-தெலங்கானா, வியட்நாம், பெரு, எத்தியோப்பியா, இந்த நாலு இடத்துலயும் ஒரே பிள்ளைங்களைப் பல வருஷம் பின்தொடர்ந்து போய்ப் பார்த்த ஆய்வு. அந்தத் தரவை வெச்சுப் பார்த்தா, ஒரு வருஷம் ஆரம்பப் பள்ளியில உட்கார்ந்தா வியட்நாம் பிள்ளை கத்துக்கிறது மத்தவங்களைவிடக் கூடுதல். ஒரே ஒரு வருஷத்துக்கே அந்த வித்தியாசம்னா, அஞ்சு வருஷத்துக்கு நீங்களே கணக்குப் போட்டுக்கங்க.

அவங்களுக்கும் எல்லாம் தானா அமையல. இன்டெல் ஹோ சி மின் நகரத்துல ஆலை போட வந்தப்ப தகுதியான இன்ஜினியர் போதுமான அளவு கிடைக்கல. மாணவர்களை அமெரிக்காவுல போர்ட்லாந்து ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிப் படிக்க வெச்சுக் கூட்டிட்டு வந்தாங்க. கைக்கு ஆள் கிடைக்கலன்னு ஆலையைத் தூக்கிட்டுப் போகல. கீழ் வகுப்புல அடித்தளம் இருந்ததாலதான் மேல கட்ட முடிஞ்சுது.

இப்ப அமெரிக்காவைப் பார்ப்போம், ஏன்னா இந்த வாதமும் வரும். 1957-ல ரஷ்யா ஸ்புட்னிக் விட்டதும் அமெரிக்கா அலறி, மறு வருஷமே அறிவியல் கல்விக்குன்னு தனிச் சட்டம் போட்டுப் பணத்தைக் கொட்டுச்சு. 1983-ல ரீகன் காலத்துக் குழு ஒண்ணு, பள்ளிக்கல்வி சரியுது, ஜப்பானும் கொரியாவும் நம்மைத் தாண்டுறாங்கன்னு எச்சரிச்சுது. ஆனா அதுக்கப்புறமும் அமெரிக்கா விழல. "பார்த்தீங்களா, கல்வி சரிஞ்சா பொருளாதாரம் சரியும்ங்கிறதெல்லாம் வெறும் பூச்சாண்டி"ன்னு சிலர் கேப்பாங்க. அவங்க ஓட்டையை அடைச்சது யாருன்னு திருப்பிக் கேளுங்க. கிண்டியிலயும் கான்பூர்லயும் பெய்ஜிங்லயும் படிச்சிட்டு விமானம் ஏறுன பிள்ளைங்கதான். வெளிநாட்டு மூளையை இழுக்கிற சம்பளம் அவங்ககிட்ட இருந்துச்சு. நம்ம ஓட்டையை அடைக்க எந்த நாட்டுப் பிள்ளை விமானம் ஏறி வரப் போகுது?

சரி, நம்ம வீட்டுக்கு வருவோம். ஏசர் 2024 ஆய்வுப்படி கிராமப்புற இந்தியாவுல அஞ்சாம் வகுப்புப் பிள்ளைங்கள்ல ஏறக்குறைய பாதிப் பேராலதான் ரெண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடியுது. கழித்தல், வகுத்தல் அதைவிட மோசம். கொரோனா முடிஞ்சு 2022-ல எடுத்த ஆய்வுல, தமிழ்நாட்டு கிராமங்கள்ல மூணாம் வகுப்புப் பிள்ளைங்கள்ல ரெண்டாம் வகுப்புப் பாடம் படிக்கத் தெரிஞ்சவங்க நூத்துக்கு 5 பேர் கூட இல்ல. அந்த வருஷம்தான் எண்ணும் எழுத்தும் வந்துச்சு, அதுக்கப்புறம் கொஞ்சம் மீண்டிருக்கு. ஆனா பத்தாம் வகுப்புத் தேர்ச்சி 2025-ல 93.80 விழுக்காடு. கீழ அப்படி, மேல இப்படி. நடுவுல என்ன நடந்துச்சுன்னு யாராவது கேட்டோமா?

2021-22-ல உயர்கல்விச் சேர்க்கையில தமிழ்நாடு 47 விழுக்காடு, நாட்டோட சராசரி 28.4. நாம அடிக்கடி பகிர்ற கார்டு அது. பகிரணும், பெருமையும் படணும். 1920-ல ஆயிரம் விளக்குல மாநகராட்சிப் பள்ளியில சோறு போட ஆரம்பிச்சதுலருந்து, காமராஜர் அதை மாநிலம் முழுக்கக் கொண்டு போனதுலருந்து வந்த பலன் அது. பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு வர வெச்சோம். வந்த பிள்ளைக்கு என்ன தெரிஞ்சுதுங்கிறது அடுத்த கேள்வி.

நான் இன்ஜினியரிங் முடிச்சவன். கல்லூரி பேர் வேணாம், பல கல்லூரியில இதே கதைதான். ரெக்கார்டு நோட்டு முந்தின பேட்ச்சைப் பார்த்துக் காப்பி. இறுதியாண்டு ப்ராஜெக்டுக்கு நாலு பேர் சேர்ந்து காசு போட்டு ப்ராஜெக்ட் சென்டர்ல போய் வாங்கிட்டு வருவாங்க. வைவாவுக்கு முந்தின நாள் ராத்திரி அந்த சென்டர்காரரே வாட்ஸாப்ல விளக்கம் சொல்வார். ப்ளேஸ்மென்டுக்கு வந்த கம்பெனி வெச்ச முதல் சுற்று விழுக்காடு கணக்கும் ஆங்கிலப் பத்தியும்தான், எட்டாம் வகுப்புச் சரக்கு. அதுல என் வகுப்புல பாதிக்கு மேல வெளிய போனாங்க. அவங்க சோம்பேறி இல்ல. கணக்கு எப்ப கை நழுவுச்சுன்னு கேட்டா, அஞ்சாவதுலன்னு ஒருத்தன் சொன்னான், ஏழாவதுலன்னு இன்னொருத்தன். வாத்தியாருக்கு சிலபஸ் முடிக்கணும், பின்னாடி நின்ன பிள்ளைக்காக யாரும் நிக்கல.

பணம் பத்திச் சுருக்கமா சொல்லிடுறேன். கோத்தாரி குழு 1966-லயே நாட்டு வருமானத்துல 6 விழுக்காடு கல்விக்குன்னு சொல்லுச்சு. 2020 தேசியக் கல்விக் கொள்கையும் அதே 6-ஐத்தான் எழுதியிருக்கு. இன்னும் எட்டல. ஆராய்ச்சிக்கு நாம செலவழிக்கிறது 0.64 விழுக்காடு, தென்கொரியா 5-ஐ ஒட்டி நிக்குது. இதுக்கு நடுவுல பி.எம்.ஸ்ரீ ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடலன்னு தமிழ்நாட்டுக்கு 2024-25-க்கு வர வேண்டிய சமக்ர சிக்ஷா பணம் 2,152 கோடியை நிறுத்தி வெச்சாங்க. போட்டி வியட்நாமோட. சண்டை சொந்த மாநிலத்துப் பிள்ளைங்களோட.

இனி நீங்க செய்ய வேண்டியது. கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு அரசுப் பள்ளியிலயும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கு. அதுல முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான். உங்க வீட்டுப் பிள்ளையோ அண்ணன், அக்கா பிள்ளையோ அங்க படிச்சா, அடுத்த கூட்டத்துக்கு வீட்ல ஒருத்தர் கட்டாயம் போகணும். கட்சித் துண்டு வேணாம். கழிப்பறை, சுற்றுச்சுவரோட இன்னொண்ணும் கேளுங்க. மூணாம் வகுப்புல மொத்தம் எத்தனை பிள்ளைங்க, அதுல தட்டுத் தடுமாறாம தமிழ் படிக்கிறவங்க எத்தனை பேர்? டீச்சரைக் குற்றவாளிக் கூண்டுல நிறுத்துற மாதிரி கேக்காதீங்க. என்ன உதவி வேணும்னு சேர்த்துக் கேளுங்க. சாயங்காலம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து படிக்க வைக்க நம்ம பகுதியில யார் இருக்காங்கன்னும் பாருங்க.

கிடைக்கிற எண்ணை ஒன்றியம் வாரியா குரூப்ல போடுங்க. பிள்ளைங்க பேர் வேணாம், போட்டோ வேணாம், எண் மட்டும் போதும். ஆள்றது யாரா இருந்தாலும் அந்த எண்ணை எடுத்துட்டுப் போய்க் கேப்போம். சந்தேகம் இருந்தா இந்தப் பதிவுக்குக் கீழயே கேளுங்க தோழர்களே. பகல்ல வேலை, ராத்திரி ஒன்பது மணிக்கு மேல பதில் போடுறேன்.