எடை குறைக்கும் ரண சிகிச்சை: முன்னும் பின்னும்



வெளி மாநிலங்களில் வாழும் நாம் விடுமுறைக்குச் சொந்த ஊர் செல்லும்போது, வாசலில் நின்று வரவேற்கும் பெரியவர்கள் முதலில் நம் உடம்பைத்தான் பார்க்கிறார்கள். "கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிறாய்" என்று அவர்கள் சொன்னால் அது பாராட்டு. "இளைத்துவிட்டாயே" என்றால் அது கவலை. பஞ்சத்தையும் பசியையும் கண்ட தலைமுறையினருக்குச் சதைப்பிடிப்பு செழிப்பின் அடையாளமாகத் தோன்றியதில் வியப்பில்லை. ஆனால் அளவு கடந்த பருமன் ஒரு நோய் என்பதே இன்றைய மருத்துவத்தின் முடிவு. நீரிழிவு, இரத்த அழுத்தம், உறக்கத்தில் மூச்சுத் தடைப்படுதல், ஈரலில் கொழுப்புப் படிதல், முழங்கால் தேய்வு ஆகியவை அந்நோயின் பின்னே அணிவகுத்து வருகின்றன.

உணவுக் கட்டுப்பாட்டாலும் உடற்பயிற்சியாலும் மருந்தாலும் போதிய பயன் காணாதவர்களுக்கு ரண சிகிச்சை ஒரு வழியாக உள்ளது. அந்தச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் நோயாளியும் அவர் வீட்டாரும் செய்ய வேண்டியவை யாவை என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். நான் டாக்டர் அல்லன். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன். ஆகவே கத்தியின் நுட்பங்களை விட்டுவிட்டு, வீட்டின் கடமைகளைப் பற்றியே பேசுவேன். அறுவை மேசையில் கழியும் நேரம் சில மணியே. அதன் முன்னும் பின்னும் உள்ள மாதங்களும் ஆண்டுகளும் வீட்டாரின் பொறுப்பு.

இச்சிகிச்சைக்குப் "பேரியாட்ரிக்" என்று பெயர். "பாரோஸ்" என்ற கிரேக்கச் சொல்லுக்குப் பளு என்பது பொருள். வயிற்றுப்புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதியை இழந்தவர்கள் பின்னர் எளிதில் பருப்பதில்லை என்பதைக் கவனித்த எட்வர்ட் மேசன் என்ற அமெரிக்க டாக்டர், 1966-ஆம் ஆண்டு அயோவா பல்கலைக்கழகத்தில் பருமனுக்கென்றே ஓர் அறுவையைச் செய்தார். இன்று பெருவழக்கில் உள்ளவை இரண்டு. ஒன்றில், இரைப்பையின் முக்கால் பங்கிற்குக் குறையாமல் வெட்டி அகற்றி, எஞ்சியதைச் சட்டைக்கை போன்ற குறுகிய குழாயாக ஆக்குகிறார்கள். மற்றொன்றில், இரைப்பையின் மேற்பகுதியில் ஏறக்குறைய 30 மில்லி லிட்டர் மட்டும் கொள்ளும் சிறு பையை உண்டாக்கி, அதைச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு நேரே இணைக்கிறார்கள். இது மாற்றுவழி அறுவை. இரண்டிலும் உணவின் அளவு குறைவதோடு பசியும் குறைகிறது. 1999-இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் கண்டறிந்த "கிரெலின்" என்னும் பசியூட்டும் சுரப்பு, பெரும்பாலும் இரைப்பையின் மேற்பகுதியில் உண்டாவது. முதல் வகை அறுவையில் அப்பகுதியே அகற்றப்பட்டுவிடுகிறது.

இது யாருக்கு உரியது? உடல் எடையைக் கிலோவில் எடுத்துக்கொண்டு, உயரத்தை மீட்டரில் அளந்து, அதன் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது உடற்பருமன் எண். 165 சென்டிமீட்டர் உயரமும் 100 கிலோ எடையும் உள்ள ஒருவருக்கு அந்த எண் 36.7 ஆகும். எண் 35-ஐ எட்டியவர்களுக்கு வேறு நோய் இல்லையென்றாலும் இச்சிகிச்சையைப் பரிந்துரைக்கலாம் என்றும், ஆசிய இனத்தவருக்கு 27.5-க்கு மேலேயே அதைக் கருதலாம் என்றும் சர்வதேச ரணசிகிச்சைச் சங்கங்கள் 2022-இல் அறிவித்தன. நம்மவர்க்குக் குறைந்த எடையிலேயே நீரிழிவு தொற்றிக்கொள்வது இதற்கு ஒரு காரணம். ஆனால் காப்பீட்டு ஏட்டில் கோடு வேறிடத்தில் இருக்கிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் வகுத்த விதியின்படி, எண் 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். அல்லது 35-க்கு மேல் இருந்து, கட்டுக்கடங்காத நீரிழிவு, இருதய நோய், கடுமையான மூச்சுத்தடை போன்ற ஒன்று உடனிருக்க வேண்டும். டாக்டர் சரி என்று சொன்ன மாத்திரத்தில் செலவுத் தொகை கைக்கு வந்துவிடும் என்று எண்ணலாகாது. அரசு ஊழியராயினும் தனியார் காப்பீட்டாளராயினும், முன்அனுமதியை எழுத்தில் பெற்ற பிறகே நாள் குறிப்பது நலம். தில்லி எய்ம்ஸ் போன்ற அரசு மருத்துவமனைகளிலும் இந்த அறுவை நடைபெறுகிறது என்பதையும் நேயர்கள் நினைவில் வைக்கலாம்.

இனி முன்னேற்பாடுகள். இரத்தப் பரிசோதனை, இருதயப் பரிசோதனை, உறக்கத்தில் மூச்சு நிற்கிறதா என்ற ஆய்வு, இரைப்பையைக் குழாய்வழி நோக்குதல், மனநல நிபுணரோடு உரையாடல் எனப் பல படிகள் உண்டு. மனநல நிபுணர் என்றதும் சிலர் முகம் சுளிக்கிறார்கள். துக்கம் வந்தாலும் தனிமை வந்தாலும் உணவையே துணையாகக் கொண்டவர்கள், அத்துணை பறிபோகும்போது என் செய்வார்கள் என்பதை முன்கூட்டியே அறிவதற்குத்தான் அந்த உரையாடல். மொழி தெரியாத ஊரில் தனியே வாழ்பவருக்கு இது வீண் சடங்கு அன்று.

அறுவைக்கு முன் பெரும்பாலும் இரண்டு வாரம் மாவும் சர்க்கரையும் கொழுப்பும் குறைந்த, புரதம் மிகுந்த உணவை உண்ணச் சொல்கிறார்கள். கொழுப்பேறிப் பெருத்த ஈரல் இரைப்பையின் மேல் படிந்து கிடக்கிறது. இவ்வுணவால் அது சற்றுச் சுருங்கி, டாக்டரின் கருவிக்கு இடம் விடுகிறது. "எப்படியும் வெட்டப்போகிறார்கள், கடைசியாக ஒருமுறை ஆசைதீர உண்போம்" என்று விருந்து வைப்போர் தமக்கே இடர் தேடிக்கொள்கிறார்கள். புகைப்பழக்கம் உள்ளவர்கள் குறைந்தது ஆறு வாரம் முன்பே அதை விட்டொழிக்க வேண்டும். இரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரை, நீரிழிவு மாத்திரை, இப்போது பரவிவரும் எடை குறைக்கும் வார ஊசி, நாட்டு மருந்து எதுவாயினும் மயக்க மருந்து கொடுப்பவரிடம் ஒன்று விடாமல் கூறிவிட வேண்டும். அந்த ஊசி இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துவதால், மயக்க நிலையில் உணவு மூச்சுக்குழலில் ஏறும் அபாயம் உண்டு.

ஒப்புதல் படிவத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் குடியிருப்பில் வாழும் நண்பர் ஒருவருக்கு இந்த அறுவை நடந்தபோது, துணைக்கென்று நெல்லைச் சீமையிலிருந்து அவருடைய தாயார் வந்திருந்தார். படிவம் இந்தியிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. அதைத் தமிழில் படித்துக் காட்டும்படி நண்பர் என்னைக் கேட்டுக்கொண்டார். இரத்தக் கசிவு, தையல் வாயில் ஒழுக்கு, காலில் இரத்தம் உறைதல், அரிதாக மரணம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவந்தேன். அந்த அம்மையார் எல்லாவற்றையும் அமைதியாகக் கேட்டுவிட்டு, "தம்பி, வெட்டி எடுத்த வயிறு மறுபடியும் வளருமா?" என்றார். அந்த வினாவுக்குப் படிவத்தில் விடை இல்லை. மறுநாள் டாக்டரிடமே கேட்டோம். வெட்டியது வளராது, ஆனால் எஞ்சியது நாளடைவில் சற்று விரியக்கூடும் என்றார் அவர். "அப்படியானால் நான்தான் பார்த்துப் பரிமாற வேண்டும்" என்றார் தாயார். ஒப்புதல் என்பது கையெழுத்து மட்டுமன்று. சோறு போடுகிறவர் தம் தாய்மொழியில் கேட்டுத் தெளிவதும் அதன் பகுதி. அலுவலகத்திலோ தமிழ்ச் சங்கத்திலோ மொழி அறிந்த ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்ள எவரும் கூச வேண்டியதில்லை.

அறுவை முடிந்த அன்றே, அல்லது மறுநாள் காலையில், நோயாளியை எழுப்பி நடக்க வைக்கிறார்கள். இது கொடுமை அன்று. காலில் இரத்தம் உறைந்து நுரையீரலுக்கு ஏறாமல் தடுக்கும் காவல். பெரும்பாலோர் இரண்டு மூன்று நாளில் வீடு திரும்புகிறார்கள். மேசை வேலை செய்வோர் ஓரிரு வாரங்களில் அலுவலகம் செல்லலாம். பளு தூக்குவதை நான்கு முதல் ஆறு வாரம் தவிர்க்க வேண்டும்.

உணவு படிப்படியாக வருகிறது. முதலில் தண்ணீர், இளநீர், வடிகட்டிய பருப்பு நீர் போன்ற தெளிந்த பானங்கள். அடுத்து மோர், பால் முதலிய நீருணவு. பிறகு மசித்த உணவு. அதன்பின் குழைந்த உணவு. ஆறாவது வார அளவில் வழக்கமான உணவு. நாட்கணக்கு மருத்துவமனைக்கு மருத்துவமனை சிறிது வேறுபடும். நம் டாக்டர் சொன்னதே நமக்கு விதி. தண்ணீரை மிடறு மிடறாக நாள் முழுதும் பருகி ஒன்றரை லிட்டருக்குக் குறையாமல் சேர்க்க வேண்டும். உணவோடு சேர்த்துக் குடிக்காமல், உண்டபின் அரை மணி கழித்தே குடிக்க வேண்டும். உலர்ந்த தோசை, சப்பாத்தி, உதிரியான சோறு ஆகியவை தொடக்கத்தில் அடைத்துக்கொண்டு வாந்தியை வருவிக்கும். மாற்றுவழி அறுவை செய்துகொண்டவர்கள் இனிப்பை உண்டால், அது விரைந்து குடலில் இறங்கி, வியர்வையும் படபடப்பும் மயக்கமும் வயிற்றுப்போக்கும் உண்டாகலாம்.

நாள்தோறும் 60 கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும். நம் இட்டிலியும் ரசஞ்சோறும் இந்தக் கணக்கை நிறைவு செய்யமாட்டா. இங்கேதான் நாம் குடியேறிய மண் நமக்குக் கைகொடுக்கிறது. 100 கிராம் பனீரில் ஏறக்குறைய 18 கிராம் புரதம் உண்டு. பீகார்க்காரர்கள் வறுத்த கடலையை அரைத்து நீரில் கரைத்துக் குடிக்கும் சத்து மாவில் 100 கிராமுக்கு 20 கிராம் அளவில் உண்டு. ஒரு முட்டையில் 6 கிராம் உண்டு. இவற்றுள் எதை எந்த வாரத்தில் தொடங்கலாம் என்பதை உணவியல் நிபுணர் கூறுவார். தட்டில் முதலில் புரதம், அடுத்துக் காய்கறி, இறுதியில் சோறு என்ற வரிசையை மட்டும் மறவாதிருப்போம்.

சில அறிகுறிகள் தோன்றினால் விடியட்டும் என்று காத்திருக்கலாகாது. நிமிடத்துக்கு 120-ஐத் தாண்டும் நாடித் துடிப்பு, காய்ச்சல், ஏறிக்கொண்டே போகும் வயிற்றுவலி, இடத்தோளில் வலி, மூச்சுத் திணறல், ஒரு காலில் மட்டும் வீக்கம் ஆகியவை கண்டால் உடனே அறுவை செய்த மருத்துவமனைக்கு ஓட வேண்டும். நாள் கணக்கில் வாந்தி நிற்காவிட்டால் தயமின் என்னும் உயிர்ச்சத்து குறைந்து, பார்வை இரட்டித்து, நடை தள்ளாடி, மூளையே பாதிக்கப்படலாம். ஆகையால், "சிறிய வயிறு, வாந்தி வரத்தான் செய்யும்" என்று வாளா இருக்கக் கூடாது.

உயிர்ச்சத்து மாத்திரைகள் வாழ்நாள் துணை. இரும்புச்சத்து, கால்சியம், பி12, டி ஆகியவை குறைந்தால் அது உடனே வெளியில் தெரிவதில்லை. ஆண்டுகள் கழித்து இரத்தசோகையாகவும் எலும்பு மெலிவாகவும் வெளிப்படும். இரும்பையும் கால்சியத்தையும் இரண்டு மணி இடைவெளி விட்டு உண்ண வேண்டும். மூன்றாம் மாத அளவில் தலைமுடி கொட்டுவது பலருக்கு நேர்கிறது. புரதம் குறையாதிருந்தால் பெரும்பாலும் மீண்டும் வளர்ந்துவிடும். மூட்டுவலிக்குக் கடையில் வாங்கும் மாத்திரைகள் இரைப்பையில் புண் உண்டாக்குபவை. கேளாமல் தொடக் கூடாது. பெண்கள் ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும். எடை குறையும்போது கருத்தரிக்கும் வாய்ப்பு கூடுவதால் இதில் கவனம் தேவை. நீரிழிவும் இரத்த அழுத்தமும் விரைவில் இறங்கக்கூடும். ஆயினும் அவற்றின் மருந்தைக் குறைப்பது டாக்டரின் வேலை.

பலன் நிலைக்குமா? சுவீடன் நாட்டில் 1987-இல் தொடங்கி ஏறக்குறைய 4,000 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆராய்ச்சியின் முடிவு 2007-இல் வெளியாயிற்று. அறுவை செய்துகொண்டோரிடையே மரணம் குறைவு என்று அது காட்டிற்று. மாற்றுவழி அறுவை செய்துகொண்டவர்களின் எடை ஓரிரு ஆண்டுகளில் சராசரி 32 சதவீதம் குறைந்து, பத்தாம் ஆண்டில் 25 சதவீதக் குறைவாக நின்றது. இவ்வெண்கள் நம்பிக்கையையும் எச்சரிக்கையையும் ஒருங்கே தருகின்றன. இழந்த எடையின் பெரும்பகுதி திரும்பவில்லை; ஆனால் ஒரு பகுதி திரும்பிற்று. கத்தி தந்த கால அவகாசத்தில் பழக்கங்களை மாற்றிக்கொண்டவருக்கே பலன் தங்கும்.

ஊர்ப் பயணத்தின்போது நெடுந்தூர ரயிலில் மாத்திரைப் பெட்டியும் தண்ணீரும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். இரண்டு மணிக்கொருமுறை எழுந்து பெட்டிக்குள் நடக்கட்டும். கலியாண வீட்டில் அரை இலையோடு எழுபவரை, "நோயாளி போல் ஆகிவிட்டாயே, இன்னும் ஒரு கரண்டி" என்று உறவினர் வற்புறுத்துவது அன்பினால்தான். அந்த அன்புக்கு ஏற்றவாறு விடை சொல்லும் பொறுப்பை நோயாளியின் தலையில் சுமத்தாமல், உடன் செல்லும் மனைவியோ கணவனோ ஏற்றுக்கொள்வது நல்லது.

உபசாரம் நமது பண்பு. வருந்தி வருந்தி இலையை நிரப்புவது அதன் ஒரு முகம். ஒருவரது உடல்நிலை அறிந்து, அவருக்கு வேண்டிய சிறு கிண்ணத்தை வேண்டிய வேளையில் தந்து, அவர் போதும் என்றதும் கையை நிறுத்திக்கொள்வதும் உபசாரமே. அறுவை செய்துகொண்டவரின் இல்லத்தில் இரண்டாவது முகத்துக்கே இடம்.