சாவடியில் மறித்த காக்கி



புகார் கொடுக்கச் சென்னைக்குப் புறப்பட்டார் ஒரு பெண். நடுவழியிலே, செங்கல்பட்டை அடுத்த பரனூர்ச் சுங்கச்சாவடியிலே, அவருடைய காரை மறித்தது காவலர் கூட்டம். கடத்தல்காரியோ? கொலை செய்துவிட்டு ஓடியவளோ? இல்லை தோழர்களே, இல்லை! மறித்தவர்களும் போலீஸ், மறிக்கப்பட்டவரும் போலீஸ்! அதுவும் ஐ.பி.எஸ். அதிகாரி!

நாடகம் எழுதுபவன் நான். இப்படி ஒரு காட்சியை எழுதியிருந்தால், "மிகை" என்று என் வசனத்தின்மேல் கோடு கிழித்திருப்பார்கள். ஆனால் நடந்தது, 2021 பிப்ரவரியில் நடந்தது. முதலமைச்சரின் சுற்றுப்பயணப் பாதுகாப்புப் பணி. சிறப்பு டி.ஜி.பி. தம் காரில் ஏறச் சொன்னார், ஏறினார். மேலதிகாரியின் சொல்லாயிற்றே! அந்தக் காருக்குள்ளேதான் அத்துமீறல்.

சென்னை உயர் நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கைக் கையிலெடுத்தது. 2023 ஜூன் 16 அன்று விழுப்புரம் நீதிமன்றம் அந்தப் பெரிய அதிகாரிக்கு 3 ஆண்டுச் சிறை விதித்தது. 2024 பிப்ரவரியில் அவருடைய மேல்முறையீடு தள்ளுபடியாயிற்று. வழக்கு அதற்கு மேலும் படியேறிற்று. சரி, வழிமறித்த கண்காணிப்பாளருக்கு? 500 ரூபாய் அபராதம்! ஐந்நூறே ரூபாய்! ஒரு பெண்ணின் வாயை அடைக்கச் சாலையை அடைத்ததற்கு இதுதான் விலையா?

கேளுங்கள் தோழர்களே! நட்சத்திரம் தோளிலே மின்னியவருக்கே இந்தக் கதி என்றால், ஆயுதப்படையிலே, அயலூர்க் காவல் நிலையத்திலே பணிபுரியும் இரண்டாம் நிலைக் காவலரின் கதி என்ன? விடுப்புக் கேட்டு நிற்பது யாரிடம்? அவனிடம்! இரவுப் பணிக்குப் பெயர் எழுதுவது யார்? அவன்! மாறுதலுக்குப் பரிந்துரைப்பது? அவனேதான்! காலையில் சல்யூட் அடித்த கையால் மாலையில் அவன்மீது புகார் எழுத வேண்டும். 1973-ல் தமிழகக் காவல் துறையின் கதவு பெண்களுக்குத் திறந்தது. உள்ளே வந்தவர்களுக்குக் காக்கி கொடுத்தோம், தொப்பி கொடுத்தோம், காவல் கொடுத்தோமா?

சட்டம் இல்லாமலில்லை. 1997-ல் விசாகா வழக்கின் தீர்ப்பு. 2013-ல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம். பத்துப் பேர் பணிபுரியும் இடமெல்லாம் உட்குழு வேண்டும் என்கிறது அது. குழுவில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியார் ஒருவர். நல்ல ஏற்பாடு, ஆனால் அந்தக் குழுவை அமைக்கும் தலைமையே குற்றவாளியானால்? அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள்: மாவட்டந்தோறும் உள்ளூர்க் குழு.

உங்கள் மாவட்டத்தில் அந்தக் குழு எங்கே அமர்கிறது, அதில் யார் யார் இருக்கிறார்கள்? நாளைக் காலையே ஆட்சியர் அலுவலகப் படியேறிக் கேளுங்கள். தெரிந்துகொண்டு, உங்கள் தெருவிலே குடியிருக்கும் பெண் காவலரின் வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்லுங்கள்.