நிறைந்த வயிறும் நிறையாத சத்தும்

உணவுக்கு உடலில் மூன்று வேலைகள் உண்டு. இயங்குவதற்கு ஆற்றல் தருவது முதல் வேலை. தசை, எலும்பு, ரத்தம் ஆகியவற்றைக் கட்டுவதும் தேய்ந்ததைப் புதுப்பிப்பதும் இரண்டாவது. உடலுக்குள் இடைவிடாமல் நடக்கும் வேதிமாற்றங்களை ஒழுங்காக நடத்துவது மூன்றாவது. இவற்றுக்கு வேண்டிய பொருள்களே ஊட்டச்சத்துகள். மாவுச்சத்து, புரதம், கொழுப்பு ஆகிய மூன்றும் அதிக அளவில் தேவைப்படுபவை, அவை பெருஞ்சத்துகள். வைட்டமின்களும் தாது உப்புகளும் மிகச் சிறிய அளவில் போதும், அவை நுண்சத்துகள். இவற்றோடு நார்ச்சத்தும் தண்ணீரும் சேர்ந்தால்தான் உணவு முழுமை பெறும்.

உணவின் ஆற்றல் கிலோகலோரியில் அளக்கப்படுகிறது. பேச்சில் அதைக் கலோரி என்றே சொல்வது வழக்கம். 1 கிராம் மாவுச்சத்தில் 4 கலோரி. 1 கிராம் புரதத்திலும் 4 கலோரி. 1 கிராம் கொழுப்பிலோ 9 கலோரி. மதுவும் ஆற்றல் தருகிறது, 1 கிராமுக்கு 7 கலோரி. ஆனால் அதனோடு சத்து எதுவும் வருவதில்லை. நாள் முழுவதும் படுத்தே இருப்பவருக்கும் ஆற்றல் செலவாகிறது. இதயம் துடிக்க வேண்டும், நுரையீரல் இயங்க வேண்டும், உடல் சூடு குறையாமல் இருக்க வேண்டும். ஓய்வில் செலவாகும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை மூளை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. அதிக உடலுழைப்பு இல்லாதவருக்கு, ஒரு நாளின் மொத்தச் செலவில் பாதிக்கு மேல் இந்த அடிப்படை வேலைகளுக்கே போகிறது.

மாவுச்சத்து அரிசி, கோதுமை, சிறுதானியம், கிழங்கு, சர்க்கரை ஆகியவற்றில் நிறைந்திருக்கிறது. செரித்து முடியும்போது அதில் பெரும்பகுதி குளுக்கோஸாக மாறி ரத்தத்தில் கலக்கிறது. எவ்வளவு வேகமாகக் கலக்கிறது என்பதில்தான் வேறுபாடு. சர்க்கரையும் மைதாவும் நன்றாகத் தீட்டிய வெள்ளை அரிசியும் விரைவாகக் கலக்கும். பயறும் முழுத்தானியமும் மெல்லக் கலக்கும்; அவற்றிலுள்ள நார்ச்சத்து செரிமானத்தை நிதானப்படுத்தி, பசி சீக்கிரம் திரும்பாமல் காக்கிறது. 100 கிராம் அரிசியில் சுமார் 350 கலோரி இருக்கிறது. தினை, வரகு, கம்பு, கேழ்வரகு ஆகியவற்றிலும் ஏறக்குறைய அதே அளவுதான். சிறுதானியத்தின் சிறப்பு அதன் நார்ச்சத்திலும் தாது உப்புகளிலும் இருக்கிறது. சோற்றை விட்டு அதே அளவு வரகரிசிச் சோறு உண்டால் சத்து கூடும். கலோரி பெரிதாகக் குறையாது.

புரதம் உடலைக் கட்டும் சத்து. அது 20 வகை அமினோ அமிலங்களால் ஆனது. அவற்றில் 9 வகைகளை உடல் தானே தயாரித்துக்கொள்ள இயலாது. உணவிலிருந்துதான் பெற வேண்டும். அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது நிறைய உண்டு. பருப்பில் குறைவாக உள்ள மெத்தியோனின் அரிசியில் இருக்கிறது. இரண்டும் சேரும்போது ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்கிறது. அரிசியும் உளுந்தும் சேர்ந்த இட்லியும், அரிசியும் பாசிப்பருப்பும் சேர்ந்த வெண்பொங்கலும் இந்த வகையில் நல்ல சேர்க்கைகள். ஆனால் அளவு முக்கியம். உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும் என்பது இந்தியப் பரிந்துரை. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது சுமார் 50 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது. ஒரு டம்ளர் பாலிலும் ஏறத்தாழ அவ்வளவே. 100 கிராம் பருப்பில் 20 கிராமுக்கு மேல் உண்டு. ஒரு கைப்பிடிப் பருப்பை நீர்க்கக் கரைத்து வீடு முழுவதற்கும் சாம்பார் வைத்தால், ஒருவர் பங்குக்கு வருவது மிகக் குறைவு. கெட்டியான பருப்பு, கூட்டு, சுண்டல், முளைகட்டிய பயறு, வேர்க்கடலை, முட்டை, மீன், தயிர் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று ஒவ்வொரு வேளையும் இருந்தால்தான் கணக்கு நிறைவேறும்.

கொழுப்பை அறவே ஒதுக்குவது தவறு. சில கொழுப்பு அமிலங்கள் உணவிலிருந்துதான் கிடைக்கும். வைட்டமின் ஏ, டி, இ, கே ஆகிய நான்கும் கொழுப்போடு சேர்ந்தே உடலில் சேரும். கீரையைச் சிறிது எண்ணெயில் தாளித்தோ தேங்காய் சேர்த்தோ சமைப்பதற்கு இந்தப் பயன் உண்டு. கவனிக்க வேண்டியது அளவு. செக்கு எண்ணெயானாலும் நெய்யானாலும் வேறு எந்த எண்ணெயானாலும் கலோரியில் பெரிய வேறுபாடு இல்லை. வனஸ்பதி போன்றவற்றில் உண்டாகும் டிரான்ஸ் கொழுப்பு இதயத்துக்குத் தீங்கானது. உணவு எண்ணெய்களிலும் கொழுப்புகளிலும் அது 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதி 2022 முதல் இந்தியாவில் நடைமுறையில் இருக்கிறது. பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவதும் தவிர்க்க வேண்டியதே.

நுண்சத்துகளின் அருமையை உலகம் உணர்ந்த வரலாற்றில் அரிசிக்குப் பெரிய இடம் உண்டு. நரம்பையும் இதயத்தையும் தாக்கிக் கால்களைச் செயலிழக்கச் செய்யும் பெரிபெரி நோய், ஆசிய நாடுகளில் பல உயிர்களைக் குடித்தது. ஜாவாவில் பணியாற்றிய டச்சு மருத்துவர் கிறிஸ்தியான் ஐக்மன், தீட்டிய அரிசி மட்டும் தின்ற கோழிகளுக்கு அதுபோன்ற நோய் வருவதையும், தவிடு நீங்காத அரிசி கொடுத்தால் அது குணமாவதையும் கண்டார். அவருக்கு 1929ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது. தவிட்டோடு போனது வைட்டமின் பி1 எனப்படும் தையமின்.

இந்தியாவில் இந்த நோயை ஆராய்வதற்காக ராபர்ட் மெக்காரிசன் 1918ஆம் ஆண்டு நீலகிரி மாவட்டம் குன்னூரில், பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில் ஆய்வுக்கூடம் ஒன்றைத் தொடங்கினார். 1935 முதல் அதற்குத் தலைமை வகித்தவர் வாலஸ் அய்க்ராய்ட். அன்றைய சென்னை மாகாணத்தில், ஆலையில் தீட்டிய பச்சரிசியை உண்ட ஆந்திரக் கடலோர மாவட்டங்களில் பெரிபெரி பரவியிருந்தது. புழுங்கல் அரிசி உண்ட தமிழ் மாவட்டங்களில் அது அரிதாக இருந்தது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டிலுள்ள தையமினில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் அது முழுவதும் போவதில்லை. அந்த ஆய்வுக்கூடமே 1958இல் ஐதராபாத்துக்கு மாறி, 1969 முதல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்ற பெயரில் இயங்குகிறது. அதன் இயக்குநராக இருந்த சேலத்துக்காரரான சி. கோபாலன், இந்திய உணவுகளின் சத்து அட்டவணையைத் திருத்தி விரிவாக்கியவர்களில் முதன்மையானவர்.

வயிறு நிறைய உண்பவருக்கும் சத்துக் குறைவால் நோய் வரும் என்பதே பெரிபெரி கற்பித்த பாடம். அந்தப் பாடம் இன்றும் பழையதாகவில்லை. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 40.4 சதவீதத்தினர் மிகை எடையோ உடல் பருமனோ உள்ளவர்கள். அதே வயதுப் பெண்களில் 53.4 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. உடலுக்கு வேண்டியதைவிட அதிகக் கலோரியும், வேண்டியதைவிடக் குறைந்த இரும்புச்சத்தும் ஒரே மாநிலத்தில், பல வீடுகளில் ஒரே தட்டிலிருந்து வருகின்றன.

இரும்புச்சத்து கீரை, பயறு, கம்பு, எள், ஈரல், இறைச்சி, மீன் ஆகியவற்றில் கிடைக்கிறது. தாவர உணவிலுள்ள இரும்பு உடலில் எளிதில் சேர்வதில்லை. எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா போன்ற வைட்டமின் சி நிறைந்தவற்றைக் கூடவே உண்டால் அது சேரும் அளவு உயர்கிறது. சாப்பாட்டோடு டீயோ காபியோ குடித்தால் அது குறைகிறது. டீ, காபிக்கும் சாப்பாட்டுக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். சுண்ணாம்புச்சத்துக்குப் பாலும் தயிரும் கேழ்வரகும் முருங்கைக்கீரையும் முள்ளோடு உண்ணும் சிறு மீன்களும் உண்டு. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. இது பாலில் உள்ளதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். கண்ணுக்கு வேண்டிய வைட்டமின் ஏ கீரை, மஞ்சள் பூசணி, மாம்பழம், பப்பாளி ஆகியவற்றில் உள்ள நிறமிகளிலிருந்து உடலில் உருவாகிறது. வைட்டமின் பி12 இயற்கையில் விலங்கு உணவுகளில் மட்டுமே உண்டு. சைவ உணவுக்காரர்களுக்குப் பாலும் தயிருமே அதற்கு வழி. வைட்டமின் டி வெயில் படும் தோலில் உருவாகிறது. தைராய்டுக்கு வேண்டிய அயோடின், அயோடின் கலந்த உப்பிலிருந்து கிடைக்கிறது.

இனி உடல் எடை. உண்ணும் ஆற்றல் செலவாகும் ஆற்றலைவிடத் தொடர்ந்து மிகும்போது, மிச்சம் கொழுப்பாகச் சேர்கிறது. அது அரிசியிலிருந்து வந்ததா, எண்ணெயிலிருந்து வந்ததா என்பதால் இந்த விதி மாறுவதில்லை. எடை சரியானதா என்று அறிய உடல் நிறைக் குறியீடு பயன்படுகிறது. கிலோகிராமில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண் அது. இந்தியர்களுக்கு 18.5க்குக் குறைந்தால் மெலிவு. 23ஐத் தொட்டால் மிகை எடை. 25ஐத் தொட்டால் உடல் பருமன் என்பது மருத்துவர்கள் பின்பற்றும் அளவு. 160 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு 48 முதல் 58 கிலோ வரை நல்ல எடை. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது.

உலகளவில் மிகை எடைக்கான எல்லை 25 ஆக இருக்க, இந்தியர்களுக்கு ஏன் 23? 2004ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்த ஒரு படம் இதை விளக்குகிறது. புணேயின் மருத்துவர் யாஜ்னிக், லண்டனின் மருத்துவர் யுட்கின் ஆகிய இருவரின் உடல் நிறைக் குறியீடும் ஒன்றே: 22.3. ஆனால் யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கின் உடலில் 21.2 சதவீதம். பார்வைக்கு ஒல்லியாக இருக்கும் இந்தியர் உடலிலும், குறிப்பாக வயிற்றுப் பகுதியில், கொழுப்பு அதிகமாக இருக்கலாம். சர்க்கரை நோயும் இதய நோயும் இந்தியர்களுக்குக் குறைந்த எடையிலேயே வருவதற்கு இது ஒரு காரணம். ஆகவே எடையோடு இடுப்புச் சுற்றளவையும் அளக்க வேண்டும். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எல்லை.

எடையைக் குறைப்பதற்கு அவசரம் ஆகாது. 1 கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7,700 கலோரி சேமிப்பாக இருக்கிறது. நாளொன்றுக்கு 500 கலோரி குறைத்தால், தொடக்கத்தில் வாரம் அரைக் கிலோ அளவுக்கு இறங்கும். பிறகு வேகம் குறையும், அது இயல்பே. ஒரே வாரத்தில் 4 கிலோ இறங்கியது என்றால் அதில் பெரும்பகுதி தண்ணீர். பட்டினி நீடித்தால் கொழுப்போடு தசையும் கரைகிறது. தசை குறைந்தால் ஆற்றல் செலவும் குறைகிறது. பழையபடி உண்ணத் தொடங்கியதும் எடை ஏறிவிடுகிறது. இப்போதுள்ள எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே ரத்த அழுத்தமும் ரத்தச் சர்க்கரையும் நல்ல முன்னேற்றம் காணும். 80 கிலோ உள்ளவருக்கு 4 முதல் 8 கிலோ என்பதே முதல் இலக்கு.

இந்தக் குறைப்பைத் தட்டிலிருந்து தொடங்கலாம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 2,000 கலோரி உணவுக்குத் தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், காய்கறியும் கீரையும் 400 கிராம், பழம் 100 கிராம், பால் 300 மில்லிலிட்டர், கொட்டைகளும் விதைகளும் 35 கிராம், எண்ணெய் 27 கிராம் என்று சொல்லப்பட்டிருக்கிறது. தட்டில் பாதி காயும் பழமும் இருக்க வேண்டும் என்பதே இதன் சாரம். பல வீடுகளில் நடப்பது இதற்கு நேர்மாறு: தட்டு நிறையச் சோறு, ஓரத்தில் ஒரு கரண்டிப் பொரியல். சோற்றைக் கால் பங்காக்கி, பருப்பு அல்லது மீனைக் கால் பங்காக்கி, மீதிப் பாதியைக் காய்க்கும் கீரைக்கும் கொடுத்தால் வயிறு நிறையும், கலோரி குறையும், நுண்சத்து கூடும். உருளையும் சேனையும் மரவள்ளியும் சோற்றின் பங்கில் சேரும், காய்கறியின் பங்கில் சேரா.

எண்ணெய் ஒருவருக்கு நாளொன்றுக்கு 27 கிராம் என்றால், நான்கு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் மூன்றரை லிட்டர் போதும். உப்பு ஒருவருக்கு 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நான்கு பேருக்கு மாதம் 600 கிராம், ஊறுகாயிலும் அப்பளத்திலும் உள்ளதையும் சேர்த்து. ஒரு தேக்கரண்டிச் சர்க்கரையில் 20 கலோரி. நாளுக்கு நான்கு டம்ளர் காபியில் இரண்டிரண்டு கரண்டி போட்டால் 160 கலோரி சேர்கிறது. வெல்லம், நாட்டுச் சர்க்கரை, தேன் என்று மாற்றுவதால் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது.

உடற்பயிற்சி மட்டும் எடையைக் குறைத்துவிடாது. அரை மணி நேர நடையில் செலவானது ஒரு வடையிலும் சர்க்கரை போட்ட டீயிலும் திரும்ப வந்துவிடும். ஆயினும் குறைந்த எடை மீண்டும் ஏறாமலிருக்கவும் தசை கரையாமலிருக்கவும் பயிற்சி இன்றியமையாதது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் விறுவிறுப்பான நடையும், இரண்டு நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும். சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரிடம் நடத்திய ஆய்வு 2006இல் வெளியானது. உணவையும் நடையையும் சீர்செய்தவர்களுக்கு மூன்று ஆண்டுகளில் நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. அவர்களின் எடையோ குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. எடை இறங்காவிட்டாலும் நல்ல உணவும் நடையும் வீண்போவதில்லை என்பதற்கு இது சான்று.

மெலிவும் கவனிக்க வேண்டிய குறையே. தமிழ்நாட்டுப் பெண்களில் 12.6 சதவீதத்தினர் மெலிந்தவர்கள் என்று அதே குடும்ப நல ஆய்வு சொல்கிறது. அவர்களுக்கு வேர்க்கடலை, எள்ளுருண்டை, பருப்பு, பால், முட்டை, வாழைப்பழம் போன்ற சத்தும் ஆற்றலும் சேர்ந்த உணவுகள் கூடுதலாக வேண்டும். முயற்சியில்லாமல் எடை குறைந்துகொண்டே போனால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். சர்க்கரை நோய்க்கு மருந்து உண்பவர்களும் கர்ப்பிணிகளும் முதியவர்களும் மருத்துவர் சொல்லாமல் உணவைக் குறைக்கக் கூடாது. வளரும் பிள்ளைகளைப் பட்டினி போடவே கூடாது.

எடையை மட்டும் குறைக்க நினைத்து உண்பவர் சத்தை இழந்துவிடக்கூடும். சத்தை நிறைவாக்கி, அளவறிந்து உண்பவருக்கு எடையும் மெல்ல மெல்லச் சீராகும். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடை, உயரம், ரத்தத்தின் ஹீமோகுளோபின் அளவு ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளலாம். அடுத்த வேளைச் சாப்பாட்டில் சோற்றை ஒரு கரண்டி குறைத்து, பருப்பை ஒரு கரண்டியும் காயை இரண்டு கரண்டியும் கூட்டிப் பரிமாறுங்கள். வீட்டில் சமைப்பவரின் தட்டிலும் அதே பருப்பும் அதே கீரையும் குறையாமல் இருக்கட்டும்.